கை நீட்டப் பழகுதல்

பிப்ரவரி 10, திங்கள்

கல்யாண மண்டபத்து மாடியில், சாப்பாட்டு ஹாலில் கராத்தே சொல்லித் தருகிறார்கள். கோபி டவுனில் இவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. காலை ஆறு மணிக்குப் படியேறினால் நேற்றைய விருந்தின் ரசம், வாடிய வாழை இலை, பினாயில் மூன்றும் கலந்த நாற்றம் மூக்கில் அடிக்கிறது. அந்தத் தரை மேல் நீல ரப்பர் பாய் விரித்திருக்கிறார்கள். இருபத்தாறு வருடமாகச் சுகாதார ஆய்வாளராக இந்த ஊர் ஓட்டல் அடுப்படிகளையும் சாக்கடைகளையும் பார்த்தவன் நான். அந்தப் பாய் ஒரு ஓட்டலில் கிடந்திருந்தால் நின்ற இடத்திலேயே நோட்டீஸ் எழுதியிருப்பேன். அதன் மேல் செருப்பில்லாமல் நிற்க வேண்டுமாம். கர்மம்.

சொல்லித் தருகிறவள் நஸ்ரின் என்று ஒரு பெண். இருபத்தாறு வயதிருக்கும். என் மகள் வயது. கறுப்புப் பெல்ட் கட்டியிருக்கிறாள். எங்களை வரிசையாக நிற்க வைத்து ஏதோ கத்தினாள். அடுத்ததாக என் முகத்துக்கு நேராகப் பார்த்து "நீ!" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஐம்பத்து நான்கு வயது ஆளை, ஒரு அரசு ஊழியனை, நீயாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னொன்று கத்திவிட்டு அடுத்து "சீ!" என்றாள். அவ்வளவுதான்.

"ஏனுங்க மேடம், மரியாதையாப் பேசுங்க. யாரைப் பாத்து நீங்கறீங்க, சீங்கறீங்க?"

ஹாலே சிரித்தது. நஸ்ரின் சிரிக்கவில்லை. "சார், அது ஜப்பான்காரங்க எண்ணறதுங்க. இச்சி, நீ, சான், ஷி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றாள்.

ஏழுக்கு என்னவென்று கேட்டேன். சிச்சியாம். நல்ல பாஷை. நமக்குப் பொருத்தமான பாஷைதான்.

நான் ஏன் இங்கே வந்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். இந்த மாதம் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ரசத்தில் முடி கிடந்தது. அதைச் சொன்னேன். பேச்சு வளர்ந்தது. கை லேசாக நீண்டுவிட்டது. அன்று மாலையே சாந்தாமணி திருப்பூருக்கு, மகள் மிருதுளா வீட்டுக்குப் போய்விட்டாள். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் இப்படிப் பையைத் தூக்கியதே இல்லை. மிருதுளா போனில், "உங்க கோவத்துக்கு ஒரு வழி பண்ணுங்கப்பா. அதுவரைக்கும் அம்மா இங்கதான் இருப்பாங்க. ஏப்ரல் ஆறாந்தேதி வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள அம்மா வந்தாத்தான். வரலைன்னா இங்கயே இருந்துக்கட்டும்" என்றாள். பெற்ற அப்பனுக்குக் கெடு வைக்கிறாள்.

நடைப்பயிற்சிக்குப் போனேன். பாதை முழுக்க நாய்க் கழிவும் எச்சிலும். யோகாவுக்குப் போனேன். காலைத் தூக்கியதும் ஆளாளுக்குக் காற்று விடுகிறார்கள். மிச்சம் இருந்தது இந்தக் கராத்தேதான்.

பிப்ரவரி 12, புதன்

கிபா டாச்சி என்று ஒரு நிலை. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். குதிரையில்லை. தொடை வெடவெடவென்று ஆடியது. பக்கத்தில் நிற்கிற கலாமணி என்ற அம்மாளுக்கு அது ஆடவே இல்லை. கச்சேரிமேட்டில் தையல் கடை வைத்திருப்பவர். நாளெல்லாம் மிஷின் மிதித்த கால். ஆனால் வியர்வை இருக்கிறதே, முழங்கை வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பாயில் விழுகிறது. நான் ஒரு அடி தள்ளி நின்றேன். நஸ்ரின் என்னைத் திரும்ப அங்கேயே நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்து காலை மூன்று முறை டெட்டால் போட்டுக் கழுவினேன். அப்புறம் இட்லி ஊற்றினேன். கல்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று குத்து. நான்கு விரலையும் உருட்டி மடக்கி, கட்டைவிரலைக் கீழே பூட்டி, முதல் இரண்டு முட்டியால் குத்த வேண்டும். ஒரு கை முன்னால் போகும்போது மற்ற கை இடுப்புக்கு வர வேண்டும். எனக்கு முன்னால் போகிற கை பாதியில் நின்றுவிடுகிறது.

"சார், கையை நீட்டுங்க" என்றாள் நஸ்ரின். "இன்னும் நீட்டுங்க. ஏன் சார் கை நீட்டவே மாட்டேங்கறீங்க?"

கலாமணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அண்ணன் கை நீட்டற ஆளே இல்லீங்க மேடம். மொகத்தப் பாத்தாவே தெரியுது. வூட்டுல அண்ணி குடுத்து வெச்சவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பாயின் நாற்றம் தாங்கவில்லை. இறங்கிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 19, புதன்

போக வேண்டாம் என்று படுத்திருந்தேன். போனேன்.

பிப்ரவரி 24, திங்கள்

எதிர்வீட்டு அம்மாள், "ஏனுங்க, அக்காவ ஆளையே காணமுங்க?" என்று கேட்டார். மகளுக்கு உடம்பு சரியில்லை, ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்றேன். எத்தனை பேருக்குத்தான் இதையே சொல்வது? மிருதுளாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

சாந்தாமணி போனில் பேசுவதில்லை. மிருதுளாவிடம், "உங்கம்மாவுக்கு அந்தக் காயம் ஆறிருச்சா?" என்று கேட்டேன். தையல் பிரித்தாகிவிட்டதாம். வாஷ்பேசின் முனையில் அவள் போய் இடித்துக்கொண்டாள். நான் கை நீட்டியது கன்னத்தில். முனையில் இடித்தது அவளாக இடித்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

மார்ச் 3, திங்கள்

சொந்தமாக ரசம் வைத்தேன். புளி தூக்கல். பரவாயில்லை என்று சோற்றில் ஊற்றிப் பிசைந்தேன். வாயில் ஏதோ நெருடியது. இழுத்தேன். முடி.

த்தூ! தட்டோடு கொண்டுபோய்க் கொட்டினேன். ஓங்கரித்து ஓங்கரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில் யாருமே இல்லை. யாரைச் சொல்வது? பாத்திரத்தைத் திரும்பத் தேய்த்துக் கழுவினேன். குட்டை முடி. பாதி நரை. தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

சாந்தாமணிக்கு முடி இடுப்புக்குக் கீழே வரும்.

பிப்ரவரி இரண்டாம் தேதி ரசத்தில் கிடந்ததை அவள் கண் முன்னால் தூக்கிக் காட்டினேன். என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அவளும் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருக்கலாம் அல்லவா? வாய் இருக்கிறதே! இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

துவைத்த கராத்தே சீருடை காயவில்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனேன். புழுக்க வாடை.

மார்ச் 14, வெள்ளி

நஸ்ரின் எங்களை ஜோடி சேர்த்துவிட்டாள். எனக்குக் கலாமணி. ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். மற்றவர் முகத்துக்கு நேராகக் குத்த வேண்டும். ஆனால் படக் கூடாது. ஒரு அங்குலத்துக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். முதலில் கலாமணி குத்தினார். என் மூக்கு நுனியில் காற்று மட்டும் பட்டது. இமைத்துவிட்டேன்.

அடுத்து நான். கை நன்றாகப் போனது. நிற்கத்தான் இல்லை. அந்த அம்மாளின் உதட்டில் பட்டு, உள்பக்கம் பல் குத்தி, ரத்தம். என் முட்டியில் எச்சிலும் ரத்தமும்.

"வருதுன்னு தெரியுதில்ல? நவுந்திருக்க வேண்டாமா?" என்று கத்திவிட்டேன்.

கலாமணி வாயைப் பொத்திக்கொண்டு, "பரவால்லீங்ணா, பரவால்லீங்ணா" என்றார்.

நஸ்ரின் நடுவில் வந்தாள். "சார், அவிங்க நவுரக் கூடாதுங்க. நீங்கதான் நிறுத்தோணும்."

"தெரியாமப் பட்டுருச்சுங்க."

"பட்டுருச்சுன்னு சொல்லாதீங்க சார். கை உங்களோடதுங்க."

இந்த வயதில் ஒரு சின்னப் பெண்ணிடம் இதெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது. மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். குனிந்து கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். சோப்பு பாதி தீர்ந்தது.

மார்ச் 17, திங்கள்

இன்று எனக்கு ஜோடி கிடையாதாம். தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை நஸ்ரின் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். "இதுக்கு நேராக் குத்துங்க. முழு வேகம். தாள் ஆடக் கூடாது" என்றாள். ஆடியது. கிழிந்தது. ஒரு தடவை நூலோடு வந்துவிட்டது.

"யார் வேணா அடிச்சுப்போடலாமுங்க சார். ஓடற வண்டிய நிறுத்தறதுதான் கஷ்டம்" என்றாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவராம்.

வீட்டுக் கூடத்திலும் ஒரு தாளைக் கட்டினேன். நூறு குத்து.

மார்ச் 21, வெள்ளி

நூறு குத்தில் எட்டுத் தடவை தாள் ஆடவில்லை. காலையில் ஒரு பேக்கரிக்கு ஆய்வுக்குப் போனேன். மாவு பிசைகிற தொட்டியில் கரப்பான். வழக்கமாக ஓனரைக் கிழி கிழி என்று கிழிப்பேன். இன்று குரலே எழவில்லை. நோட்டீசை மட்டும் நீட்டினேன். கூட வந்த ஊழியர், "சார், உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார்.

மார்ச் 26, புதன்

நூறில் எழுபத்திரண்டு!

அதைவிடப் பெரிய சேதி. மிருதுளா போன் செய்தாள். "அம்மா வர்றேன்னுட்டாங்கப்பா. ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டு வர்றேன்." "வரட்டும் கண்ணு, வரட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

அடுப்படியைத் தேய்த்தேன். பரண் முழுக்க ஒட்டடை அடித்தேன். வாஷ்பேசினை மாற்றிவிடலாம் என்று ஆளை வரச் சொல்லியிருக்கிறேன். கூர் முனை வேண்டாம். உருண்டையாக இருக்கிற மாதிரி.

மார்ச் 28, வெள்ளி

நாசமாய்ப் போனேன்.

காலையில் நஸ்ரின் என் குத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பருங்க சார். இப்பத்தான் கை முழுசா நீளுது, செரியா நிக்குது" என்றாள். அந்தச் சந்தோஷத்தில் வந்தேன். மிருதுளா போன். "கிளாஸ் எப்படிப்பா போகுது? என்ன சொல்லித் தர்றாங்க?"

"கை நீட்டறதுதான் கண்ணு, ரெண்டு மாசமா. மொதல்ல வரவே இல்ல. இப்ப நல்லா நீட்ட வந்துருச்சு. மேடமே பாராட்டிப்போட்டாங்க!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கிற சத்தம். அப்புறம் கதவு சாத்துகிற சத்தம்.

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தேம்ப்பா" என்றாள் மிருதுளா. "அம்மா இங்கதான் உக்காந்திருந்தாங்க."

"ஏ, அது அந்தக் கை நீட்டறது இல்ல சாமி. இது குத்தறப்ப கையை..." என்று ஆரம்பித்தேன். குத்துகிறபோது என்றா சொல்வது? என் வாயில் மண்ணைப் போட.

மார்ச் 30, ஞாயிறு

சாம்பார், பொரியல், பாயசம். மூன்று இலை. யாரும் வரவில்லை. பாயசத்தை எறும்பு மொய்த்துவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

மிருதுளாவிடம் மூன்று தடவை விளக்கினேன். அவளுக்குப் புரிகிறது. அம்மாவிடம் சொன்னாளாம். அம்மா "ம்" என்றாளாம். கெடு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. நானே நேரில் போகிறேன். வாயால் சொன்னால் நம்ப மாட்டாள். செய்து காட்டிவிட்டால் நம்பித்தானே ஆக வேண்டும்? இன்று நூறுக்குத் தொண்ணூற்றாறு. தாள் துளி ஆடவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

திருப்பூர் போய்விட்டு வந்தேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

மிருதுளா வீடு மூன்றாம் மாடி. சாந்தாமணி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்க" என்றாள். கன்னத்து எலும்பு மேல் ஒரு கோடு, புது வெள்ளைத் தோல். நான் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தேன்.

"அன்னைக்குப் போன்ல சொன்னது வேற சாந்தா. கராத்தேயில கை நீட்டறதுன்னா குத்து. அதுவும் ஆள் மேல படாது. படாம நிறுத்தறதுதான் பாடமே. உனக்காகத்தான் கத்துக்கிட்டேன்."

"செரிங்க" என்றாள். கீரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நம்பலையா? எந்திரிச்சு நில்லு. ஒரு நிமிசம். ஒரு அங்குலத்துல நிக்கும் பாரு."

"அப்பா, வேண்டாம்" என்றாள் மிருதுளா.

"நீ சும்மா இரு கண்ணு. பாத்தாத்தான அவளுக்குத் தெரியும்?"

சாந்தாமணி மடியில் இருந்த கீரையை முறத்தில் தட்டிவிட்டு எழுந்தாள். நான் வலது காலைப் பின்னால் வைத்து நிலைக்கு வந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அதற்குள் அவள் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, எட்டத்தில் மேஜை மேல் வைத்துவிட்டாள். இடது கையால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். பல்லைச் சேர்த்துக் கடித்துக்கொண்டாள். முகத்தை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி இடது கன்னத்தை எனக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஒரு காலை நகர்த்தி வைக்கிற நேரம்தான், அவ்வளவும் முடிந்துவிட்டது. தடுமாற்றமே இல்லை. இந்த இரண்டு மாதத்தில் என் நிலை ஒரு நாள்கூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

இதை யார் அவளுக்குச் சொல்லித் தந்தது என்று எழுத வந்தேன். நான்தான் சொல்லித் தந்திருக்கிறேன். கண்ணாடி உடைந்தபோதெல்லாம், "பொருளோட அருமை தெரியுதா உனக்கு?" என்று அதற்கும் ஒரு அறை விட்டிருக்கிறேன். அதனால் முதலில் கண்ணாடியைக் கழற்றப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

என் கை இடுப்பிலேயே இருந்தது. மிருதுளா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சாந்தாமணி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"ஏனுங்க, அடிக்கலீங்களா?"

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மிச்சக் கீரையை ஆயத் தொடங்கினாள்.

"நீங்க ரெண்டு மாசமா நிக்கப் பழகறீங்க. நான் இருவத்தெட்டு வருசமாப் பழகியிருக்கறனுங்க. உங்களுக்கு நிறுத்த வந்துருச்சுன்னா செரி, நல்லதுதான். எனக்கு இப்படி நிக்கறது மறக்கோணுமில்லீங்களா? உங்க மொகத்தப் பாத்துட்டிருந்தா அது மறக்காதுங்க. நான் வர்லீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கீரை விலை சொல்கிற மாதிரி சொன்னாள். மிருதுளா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன். படி வரைக்கும் யாரும் வரவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து ஆள் வெற்றிலை போட்டுத் துப்பிக்கொண்டே வந்தான். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. என் வலது கையை என் மடியில் வைத்துக்கொள்ளத்தான் சகிக்கவில்லை. கம்பியில் தொங்கவிட்டேன், இருக்கைக்கு அடியில் விட்டேன், எங்கே வைத்தாலும் கூடவே வருகிறது. பாதி வழியில் வாந்தி எடுத்தேன்.

அன்று கை தானாக நீளவில்லை. கை படவில்லை. அடித்தேன். பிப்ரவரி இரண்டாம் தேதி என் தலைமுடிக்காக அவளை அடித்தேன். அதற்கு முன்னால் அடித்ததை எண்ண உட்கார்ந்தேன். முடியவில்லை. அவளுக்கு எண்ணிக்கை தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 7, திங்கள்

வகுப்புக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு மாதமாகக் கலாமணி என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு, முகத்தைக் காட்டி எதிரில் நிற்கிறார்.

நஸ்ரின் திரும்ப ஜோடி சேர்த்தாள். எனக்குக் கலாமணி. உதடு ஆறிவிட்டிருந்தது. "வாங்ணா, இன்னிக்கு மெதுவாக் குத்துங்க" என்று சிரித்துக்கொண்டே வந்து நின்றார்.

"ஒரு நிமிசமுங்க" என்றேன். நஸ்ரினையும் கூப்பிட்டேன். "நான் எம் பொண்டாட்டிய அடிக்கறவனுங்க. கல்யாணமானதுலருந்து அடிச்சிருக்கறேன். போன பிப்ரவரியில கன்னம் கிழிஞ்சு தையல் போட்டாங்க. அதுக்குத்தான் அவ போயிட்டா. இனி வர மாட்டா. நீங்க தெரியாம எம் முன்னால நிக்கக் கூடாதுங்க."

கலாமணியின் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு போய்விட்டது. என் கையைப் பார்த்தார். அடைத்த சாக்கடை மூடியைத் திறக்கும்போது நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் பார்த்தார். போன மாதம் ரத்தம் வந்த உதட்டைப் புறங்கையால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு ஹாலின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டார்.

"மேடம், ஆரம்பிங்க" என்றார் அங்கிருந்து.

நான் இந்தக் கோடியில் தனியாக நின்றேன்.